பிரேக் பெடல் மெதுவா கீழ இறங்கிப் போகுது, ஏர் எடுத்தும் அப்படியே இருக்கு – காட்பாடில இருந்து கேக்குறேன்

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் பூட்டிக்காம பாத்துக்குற சிஸ்டம்) கிடையாது, முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம். ஓடிட்டு இருக்கும்போது பிரேக் அடிச்சா நல்லாத்தான் பிடிக்குது, ஆனா கிரீன் சர்க்கிள் டிராஃபிக்ல நின்னு கால பெடல் மேல லேசா வச்சுட்டே இருந்தா பெடல் மெதுவா மெதுவா கீழ போய்ட்டே இருக்கு, முன்னாடி இருக்குற பஸ் நகர்றதுக்குள்ள ஃப்ளோர் மேட் கிட்ட வந்துடுது. கால எடுத்துட்டு மறுபடி மிதிச்சா திரும்ப மேலயே நிக்குது.

ஒரு ஷெட்டுல காட்டினேன். முன்னாடி பேட் மாத்தி, நாலு வீல்லயும் ஏர் எடுத்துக் (ஆயில் லைன்ல மாட்டின காத்த வெளிய விட்டு) குடுத்தாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழைய கதைதான். இப்போ பூஸ்டர் (மிதிக்கிற காலுக்கு வேக்யூம்ல உதவி பண்றது) போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. பிரேக் ஆயில் லெவல் கொஞ்சம் குறையுது ஆனா வண்டிக்கு அடில எங்கயும் சொட்டல. அம்மாவ செக்கப்புக்கு இதுலதான் கூட்டிட்டுப் போறேன், அதனால பயமா இருக்கு. பூஸ்டருக்கு காசு போடலாமா வேணாமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ராணிப்பேட்டை ரைடர்:

பாஸ் ஏர் சரியா எடுத்திருக்க மாட்டாங்க. அவசரத்துல ரெண்டு வீல்ல எடுத்துட்டு நாலுலயும் எடுத்தோம்னு சொல்ற ஷெட்டு நிறைய இருக்கு. பின்னாடி தூரமா இருக்குற வீல்ல ஆரம்பிச்சு பொறுமையா எடுக்கச் சொல்லுங்க, ஆயில திறந்து விடுற நிப்பிள்ல டியூப் மாட்டி பாட்டில்ல விட்டு குமிழி வர்றது நிக்குற வரைக்கும். காலிப்பர (டிஸ்க்க பேடால அமுக்கிப் பிடிக்கிற பார்ட்) கழட்டி மாட்டியிருந்தா இடது வலது மாறிப் போச்சான்னும் பாருங்க, மாறிட்டா நிப்பிள் கீழ்ப் பக்கம் வந்துடும், எத்தனை தடவை எடுத்தாலும் மேல இருக்குற ஏர் வெளிய வராது.

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

தம்பி காட்பாடி, மொதல்ல ஒண்ணு, இது சரியாகுற வரைக்கும் அந்த வண்டில அம்மாவ ஏத்தாத. ஆட்டோ வச்சுக்கோ, பஸ்ல போ. பெடல் தானா இறங்குற வண்டி இன்னிக்கு மெதுவா இறங்கும், நாளைக்கு எப்ப மொத்தமா உக்காரும்னு எவனாலயும் சொல்ல முடியாது. பட்டறைக்கு கொண்டுபோறதுன்னா கூட டோ பண்ணிக் கொண்டுபோ.

ராணிப்பேட்டை தம்பி சொல்ற காலிப்பர் விஷயம் சரிதான், ஆனா இவரு சொல்ற நோய் ஏர் இல்ல. ஏர் இருந்துச்சின்னா மிதிச்ச உடனே பெடல் மெத்து மெத்துன்னு இருக்கும், கால் அழுத்த அழுத்த ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துக்கினு நிக்கும், ஆனா ஒரு எடத்துல நின்னுடும். நின்ன எடத்துலருந்து தானா கீழ போவாது. காத்து அமுங்கும், காணாம போவாது. அதே அழுத்தத்துல கால வச்சுக்கினு இருக்கும்போதே பெடல் இறங்குதுன்னா ஆயில் எங்கியோ போய்க்கினு கீது. போறதுக்கு ரெண்டே வழிதான், ஒண்ணு வெளிய லீக், இல்லன்னா பெடல் மிதிச்சா ஆயில வீலுக்குத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே ரப்பர் கப்பத் தாண்டி பின்னாடி திரும்பிப் போவுது. ஏபிஎஸ் வண்டின்னா மூணாவதா ஒரு வழி கீது, உனக்கு அது இல்ல.

பூஸ்டர் போனா பெடல் கல்லு மாதிரி ஆவும். இறங்காது. பூஸ்டர மாத்தச் சொன்னவன் எத வச்சு சொன்னான்னு கேளு.

எனக்கு நாலு பதில் வேணும். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெடல நாலஞ்சு தடவை மிதிச்சு பூஸ்டர்ல இருக்குற வேக்யூம தீத்துடு, அப்பால கெட்டியா ஆன பெடல்ல ஒரு நிமிஷம் கால வச்சுக்கினே இரு. மொதல்ல லேசா வச்சுப் பாரு, அப்புறம் பலமா வச்சுப் பாரு. இறங்குதா? ரெண்டுலயும் இறங்குதா, ஒண்ணுலதானா? அடி வரைக்கும் போவுதா, பாதில கெட்டியா நிக்குதா? கடைசியா ஆயில் டப்பா மூடியத் திறந்து வச்சு ஆள் ஒருத்தன மிதிக்கச் சொல்லி உள்ள என்ன நடக்குதுன்னு டார்ச் அடிச்சுப் பாரு.

வாலாஜா அக்கா:

நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கணும். என் வண்டில இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும்போது கால் பிரேக் மேல இருந்தா பெடல் லேசா கீழ போகுது. இதப் படிச்சதுல இருந்து மனசு உறுத்துது. இதுவும் அதே பிரச்சனையா?

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

அக்கா கவலப்படாதீங்க, அது நல்ல பூஸ்டருக்கு அடையாளம். ஸ்டார்ட் ஆனதும் வேக்யூம் வந்து உங்க காலுக்கு உதவி பண்ணுது, அதனால கொஞ்சம் இறங்கி நின்னுடும். நிக்குதான்னு மட்டும் பாருங்க. நின்னா ஒண்ணும் இல்ல. இன்ஜின் ஓடும்போது சும்மா நின்னுக்கினு ரொம்ப பலமா மிதிச்சாலும் பெடல் நிறைய தூரம் போவும், அதையும் பார்த்து பயப்பட வேணாம். நிக்காம போய்க்கினே இருந்தாதான் கோளாறு.

பாலாறு:

அண்ணன் சொன்னதுக்கு கொஞ்சம் விளக்கம், ஏன் லேசா மிதிக்கும்போது பாக்கச் சொல்றாருன்னு பல பேருக்குப் புரியாது.

மாஸ்டர் சிலிண்டர்னா உள்ள ஊசி போடுற சிரிஞ்ச் மாதிரிதான், ஒரே குழாய்க்குள்ள முன்ன பின்ன ரெண்டு பிஸ்டன், ஒவ்வொண்ணுலயும் ரப்பர் கப். கப்போட உதடு முன்பக்கமா விரிஞ்சு இருக்கும். பிரஷர் ஏறும்போது அந்த பிரஷரே உதட்ட சுவத்தோட சேத்து அழுத்தி சீல் பண்ணிடும். அதனால தேஞ்ச கப் கூட பலமா மிதிச்சா பிடிச்சுக்கும், லேசா மிதிக்கும்போது உதட்ட அழுத்துற அளவுக்கு பிரஷர் இல்லாததால ஆயில் நழுவி பின்னாடி போயிடும். ஹைவேல அழுத்தி பிரேக் அடிக்கும்போது நல்லா இருக்கு, டிராஃபிக்ல கால சும்மா வச்சிருக்கும்போது இறங்குதுன்னு காட்பாடி சொல்றது அப்படியே இதுக்குப் பொருந்துது. வெளிய லீக் இருந்தா பலமா மிதிச்சாத்தான் இன்னும் வேகமா இறங்கும், நேர் எதிர்.

இன்னொன்னு, ஏன் ரெண்டு பிஸ்டன்னா ஒரு லைன் போனாலும் இன்னொன்னு பிடிக்கணும்னுதான். முன் வீல் டிரைவ் வண்டிங்கள்ல பெரும்பாலும் குறுக்கு மறுக்கா பிரிச்சிருப்பாங்க, முன்னாடி இடதும் பின்னாடி வலதும் ஒரு லைன், மத்த ரெண்டும் இன்னொரு லைன். ஒரு லைன் மொத்தமா போனா பெடல் பாதி தூரம் வெத்தா போய் அப்புறம் கெட்டியாகும், வண்டி நிக்க ரொம்ப தூரம் எடுக்கும். அடி வரைக்கும் போகுதா பாதில நிக்குதான்னு அண்ணன் கேட்டது அதுக்குத்தான்.

காட்பாடி ஜங்ஷன்:

அண்ணா ரொம்ப நன்றி. வண்டிய அன்னிக்கே நிறுத்திட்டேன், அம்மாவ ஆட்டோலதான் கூட்டிட்டுப் போனேன்.

டெஸ்ட் பண்ணேன். இன்ஜின் ஆஃப்ல பலமா மிதிச்சா நிக்குது, அரை நிமிஷத்துக்கு மேல வச்சிருந்தும் கிட்டத்தட்ட அசையல. லேசா வச்சா இறங்குது. கிட்டத்தட்ட அடி வரைக்கும் போய் கடைசி கொஞ்ச தூரத்துல கெட்டியா இருக்கு. மூடியத் திறந்து தம்பிய மிதிக்கச் சொல்லி பாத்தேன், மொதல்ல ஒரு சின்ன துள்ளல் வந்துச்சு, அதுக்கப்புறம் அவன் கால வச்சிருக்குற வரைக்கும் டப்பாவுக்கு அடில இருந்து ஆயில் சுழன்டு வர்ற மாதிரி தெரிஞ்சுது, ரொம்ப லேசா. ஆயில் நிறம் காபி டிகாக்ஷன் நிறத்துல இருக்கு. பெடல் இறங்கும்போது காத கிட்ட வச்சா எந்த சத்தமும் இல்ல.

ஆனா லெவல் குறையுறதுக்கு மட்டும் காரணம் கிடைக்கல. நாலு வீல் உள்பக்கமும் டார்ச் அடிச்சுப் பாத்தேன், காய்ஞ்சுதான் இருக்கு.

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

அந்த மொத துள்ளல் எல்லா நல்ல வண்டிலயும் வரும், கப் டப்பாவுக்குப் போற சின்ன துளையத் தாண்டுற வரைக்கும் கொஞ்சம் ஆயில் மேல அடிக்கும். அதுக்கப்புறமும் சுழல் தெரியுதுன்னா உள்ள பைபாஸ் ஆவுது. முக்கால்வாசி மாஸ்டர் சிலிண்டர்தான், ஆனா முக்கால்வாசிய வச்சு உன்ன காசு செலவு பண்ணச் சொல்ல மாட்டேன்.

லெவல் குறையுறதுக்கு ரெண்டு விஷயம். பேட் ஷூ தேயத் தேய லெவல் தானா கொஞ்சம் எறங்கும், அது லீக் இல்ல. ஆனா உனக்கு பேட் புதுசு, அதனால அந்தக் கணக்கு வராது. பின்னாடி டிரம்ம கழட்டி வீல் சிலிண்டரோட ரப்பர் தொப்பி ஓரத்த ஒரு ஸ்க்ரூ டிரைவரால லேசா தூக்கிப் பாரு. வெளிய காய்ஞ்சிருக்கும், தொப்பிக்குள்ள ஆயில் நிக்கும், நிறைய பேரு அங்கதான் ஏமாறுறது. லேசா ஈரம் மாதிரி இருந்தா பரவால்ல, தூக்கின உடனே வழிஞ்சா சிலிண்டர் போச்சு. ஷூவுல ஆயில் பட்டிருந்தா தொடச்சுட்டுப் போடாத, ரெண்டு பக்கமும் ஷூ மாத்து.

அங்கயும் இல்லன்னா மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோட சேர்ற எடம். கடைசி சீல் போச்சுன்னா ஆயில் பூஸ்டருக்குள்ள எறங்கிடும், தரைல ஒரு சொட்டு விழாது. அந்த இணைப்புக்கு அடில விரல விட்டு தொடு. பூஸ்டர் மேல கறுப்பு பெயிண்ட் உப்பிக்கினு உரிஞ்சிருந்தா அதுதான் சாட்சி, பிரேக் ஆயில் பெயிண்ட்ட தின்னுடும்.

அடில சொட்டுறத பாக்கும்போது இந்த கத்திரி வெயில்ல ஏசி தண்ணி சொட்டுறத வச்சு குழம்பாத. தண்ணி காய்ஞ்சுடும், பிரேக் ஆயில் விரல்ல வழவழன்னு நிக்கும்.

ஆம்பூர் டிரைவர்:

அண்ணா நான் டாக்ஸி ஓட்டுறேன், எனக்கு வேற மாதிரி ஆச்சு. ஏலகிரி இறங்கும்போது ஃபேமிலி ஏழு பேரு லக்கேஜோட, மேல பதினாலு கொண்டை ஊசிலயும் ஒழுங்காதான் வந்துச்சு, கீழ பொன்னேரி கிட்ட வரும்போது பெடல் திடீர்னு மெத்துன்னு போயி அடி வரைக்கும் எறங்கிடுச்சு. பம்ப் பண்ணி பம்ப் பண்ணி, ரெண்டாவது கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்க பட்டன அழுத்திப் புடிச்சிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழுத்து ஓரத்துல நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் நின்னு பாத்தா பெடல் பழையபடி ஆயிடுச்சு. மறுநாள் பட்டறைல எல்லா டெஸ்ட்டும் பண்ணாங்க, ஒண்ணுமே காட்டல. இதுவும் மாஸ்டர் சிலிண்டரா?

பாலாறு:

இல்லண்ணா, அது ஆயில் கொதிச்சது. சூடானா போகுது, ஆறினா வந்துடுதுன்னா அதுதான் காரணம். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும், புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு விதி, அதே ஆயில்ல நாலு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவா தண்ணி ஏறிட்டா 140 டிகிரி போதும். டாட் 4ல அது 230ம் 155ம். கொதிச்சா காலிப்பர்ல ஆவி குமிழி ஆகும், ஆவி அமுங்கும், பெடல் அடிக்குப் போயிடும், ஆறினதும் ஆவி திரும்ப தண்ணியாகிடும், அதனால மறுநாள் பட்டறைல எந்த டெஸ்ட்டுலயும் மாட்டாது.

ஆயில மொத்தமா மாத்துங்க, சும்மா மேல ஊத்தி லெவல் பண்றது மாத்துனதா ஆகாது. மலை இறங்குற வண்டி, அதுவும் லோடோட, வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினாலும் தப்பில்ல, ரெண்டு வருஷத்த தாண்டவே கூடாது. ஏறின கியர்லயே இறங்குங்க. நீங்க கியர் போட்டு ஹேண்ட் பிரேக்க விட்டு விட்டு இழுத்தது ரொம்ப சரியான வேலை, ஹேண்ட் பிரேக் கேபிள்ல வேலை செய்யுது, ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அந்த நேரத்துல யாரும் சாவிய மட்டும் திருப்பி எடுத்துடாதீங்க, பூஸ்டரும் போகும், ஸ்டியரிங்கும் லாக் ஆகிடும்.

குடியாத்தம்காரன்:

என் மாமா வண்டிக்கு இதே பெடல் இறங்குற பிரச்சனை வந்து, ரப்பர் கிட் போட்டா போதும்னு ஒரு ஷெட்டுல போட்டுக் குடுத்தாங்க. மாசம் தாண்டல, திரும்ப வந்துடுச்சு. கழட்டிப் பாத்தா புது கப் ஊதி பெருசாகி வளையம் மாதிரி கெடக்கு. கேட்டா ரப்பர் மட்டம்ங்கறான். அந்த ரப்பர் கிட் மொத்தத்தையும் பெட்ரோல்ல கழுவி போட்டிருக்கான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உயிர் சம்பந்தப்பட்ட பார்ட்ட இப்படி கையாளுறவங்கள பாத்தா வயிறு எரியுது.

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

உங்க கோவம் நியாயம். பிரேக் ரப்பர் மேல பெட்ரோல், டீசல், கெரசின், கிரீஸ், இன்ஜின் ஆயில் எதுவுமே படக்கூடாது. பட்டா ஊதிடும். கழுவணும்னா புது பிரேக் ஆயில்லயே கழுவணும், இல்ல பிரேக் கிளீனர்னு விக்குற ஸ்ப்ரேல உலோகத்த மட்டும் கழுவி காயவச்சுட்டு ரப்பர பிரேக் ஆயில்ல முக்கிப் போடணும். பவர் ஸ்டியரிங் ஆயில பிரேக் டப்பாவுல ஊத்தின வண்டிய நான் பாத்திருக்கேன், மாஸ்டர் சிலிண்டர்லருந்து நாலு வீல் வரைக்கும் இருந்த ரப்பர் மொத்தமும் மாத்த வேண்டியதாச்சு.

கிட் போடலாமா முழு அசெம்ப்ளியான்னா, உள் சுவத்த பாத்துதான் சொல்லணும். விரல விட்டா வழவழன்னு இருக்கணும். புள்ளி புள்ளியா அரிச்சிருந்தா, கோடு விழுந்திருந்தா புது கப் போட்டாலும் அந்தக் கோடு கப்பக் கிழிச்சுடும். இப்ப வர்ற சிலிண்டர் எல்லாம் அலுமினியம், உள்ள பதம் பண்ண மேல்பூச்சு இருக்கும், எமரி பேப்பர் போட்டு தேய்க்கிறது அந்தப் பூச்ச எடுத்துடும். நான் கிட் போடுறத விட்டுட்டேன். முழுசா மாத்திடறேன்.

சோளிங்கர் பசங்க:

அண்ணன் சொல்றதுல ஒரு விஷயம் சேத்துக்கறேன். எங்க ஊர்ல பிரேக்ஸ் இந்தியா பவுண்டரி இருக்குறதால வீட்டுக்கு ஒருத்தர் பிரேக் பத்தி பேசுவாங்க. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் தினமும் ஓடுறது முன்பாதி தூரம் மட்டும்தான். மீதி தூரத்துல அழுக்கும் துருவும் படிஞ்சு உக்காந்திருக்கும். ஏர் எடுக்கும்போது ஆள் அடி வரைக்கும் மிதிக்கிறாங்க பாருங்க, அப்போ கப் அந்த அழுக்கு மேல ஏறி உதடு கிழியுது. ஏர் எடுத்ததுக்கு அப்புறம்தான் பெடல் இறங்க ஆரம்பிச்சுதுன்னு நிறைய பேர் சொல்றதுக்கு இது ஒரு காரணம். பழைய வண்டில ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடில ஒரு மரத்துண்டு வச்சுட்டா அடி வரைக்கும் போகாது. காட்பாடி, உங்களுக்கு ஏர் எடுத்த பிறகு இறங்குறது அதிகமாச்சா?

காட்பாடி ஜங்ஷன்:

ஆமா, நினைச்சுப் பாத்தா ஆமா. முன்னாடி எப்பவாவதுதான் தெரியும், ஏர் எடுத்த வாரத்துலருந்து தினமும்.

பின்னாடி டிரம் ரெண்டும் கழட்டினோம், தொப்பி தூக்கிப் பாத்தா காய்ஞ்சு சுத்தமா இருக்கு. அப்புறம் அண்ணா சொன்ன இணைப்ப பாத்தேன். மேலருந்து பாத்தா ஒண்ணுமே தெரியல, மொபைல கீழ விட்டு வீடியோ எடுத்துதான் பாக்க முடிஞ்சுது. சிலிண்டருக்கு நேர் கீழ பூஸ்டர்ல ஒரு உள்ளங்கை அகலத்துக்கு கறுப்பு பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா உப்பியிருக்கு, நகத்தால தொட்டா தோல் மாதிரி உரியுது, அடில பளபளன்னு தகடு, தகட்டு ஓரத்துல துரு. டிஷ்யூ பேப்பர இணைப்புல ஒத்தி எடுத்தா பழுப்பு ஈரம். அப்போ லெவல் போனது இங்கதான்.

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

கண்டுபிடிச்சுட்ட தம்பி. கடைசி சீலும் போயிருக்கு, உள் கப்பும் போயிருக்கு. இருந்தாலும் சிலிண்டர வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டெஸ்ட் பண்ணிடு, அது பண்ணிட்டா யாரும் உன்ன குழப்ப முடியாது. சிலிண்டர்லருந்து வெளிய போற பைப்ப எல்லாம் கழட்டிட்டு ஓட்டைங்கள அடைச்சுடணும். பழைய பிரேக் பைப் ஒண்ணு, அதே மரை நட்டோட, ஒரு விரல் நீளம் விட்டு வெட்டி, வெட்டின முனைய மடக்கி பிரேசிங் வச்சா அதுதான் பிளக். மரை ஒத்துப் போற போல்ட்ட திருகி விட்டா அடைக்காது, உள்ள இருக்குற கூம்பு சீட் கெட்டுடும். பிளக்க ஆயில் நிரப்பி மாட்டு. இப்ப பெடல் பாறை மாதிரி நின்னா சிலிண்டர் நல்லது, கோளாறு அதுக்கப்புறம் எங்கியோ. லேசா வச்சா இப்பவும் இறங்குதுன்னா வேற பேச்சே இல்ல.

சில பேரு வீலுக்குப் போற ரப்பர் ஓஸ ஒவ்வொண்ணா நசுக்கிப் பாப்பாங்க. வழி சரிதான், ஆனா அதுக்குன்னு உருண்டையா வர்ற கிளாம்ப் இருந்தாதான் பண்ணணும். பிளேயர வச்சு நசுக்கினா ஓஸ் உள்பக்கம் கிழிஞ்சுடும், அப்பால அது வேற வியாதி.

ராணிப்பேட்டை ரைடர்:

ஏபிஎஸ் இருந்தா மூணாவது வழின்னு சொன்னீங்களே அண்ணா, என் வண்டில ஏபிஎஸ் இருக்கு, அத எப்படி பிரிக்கிறது?

பாலாறு:

அதே பிளக் டெஸ்ட்தான் ப்ரோ. பிளக் பண்ணா பெடல் கெட்டியா நிக்குது, பைப்ப மாட்டினா இறங்குது, வெளிய எங்கயும் லீக் இல்லன்னா ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள ஆயில விடுற வால்வு முழுசா மூடலன்னு அர்த்தம். அழுக்கு மாட்டியிருக்கும். பேட் மாத்தும்போது காலிப்பர் பிஸ்டன அப்படியே பின்னாடி தள்ளுறாங்க இல்ல, அங்க படிஞ்ச கசடு நேரா யூனிட்டுக்குள்ள போகுது. நிப்பிள திறந்து வச்சுத் தள்ளினா கசடு வெளிய போயிடும், சின்ன வேலைதான், கேட்டு பண்ண வைங்க. ஏபிஎஸ் வண்டில யூனிட்டுக்குள்ள ஏர் போயிட்டா ஸ்கேனர் மாட்டி வால்வ இயக்கித்தான் எடுக்கணும், சும்மா மிதிச்சு எடுத்தா பாதி உள்ளயே நிக்கும். பிளக் டெஸ்ட் பண்ணாம மாஸ்டர் சிலிண்டரையும் யூனிட்டையும் மாத்தி மாத்தி வாங்குறவங்கள பாத்திருக்கேன், யூனிட் விலை என்னன்னு விசாரிச்சுப் பாருங்க தலை சுத்தும்.

காட்பாடி ஜங்ஷன்:

பிளக் போட்டு மிதிச்சோம். லேசா வச்சா இறங்குது! வேற பட்டறைல, வயசான மேஸ்திரி ஒருத்தர், பொறுமையா பண்ணாரு. மாஸ்டர் சிலிண்டரேதான்.

கழட்டும்போது பின்னாடி பக்கம் கறுப்பா ஒரு சொட்டு எண்ணெய் மாதிரி அவரு கைல வழிஞ்சுது. பிஸ்டன வெளிய எடுத்தாரு. முதல் கப்போட உதடு ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு தேஞ்சு தட்டையா இருக்கு, மறுபக்கம் கூர்மையா இருக்கு. ரெண்டாவது கப்புல ஒரு முடி அளவு கீறல், அத வெயில்ல பிடிச்சு வளைச்சாதான் தெரியுது. சிலிண்டர் குழாய்க்குள்ள அடிப் பாதில சாம்பல் நிறத்துல சேறு மாதிரி படிவு, சோளிங்கர் நண்பர் சொன்ன அதே எடம். அந்த முடி அளவு கீறலுக்காகவா இவ்ளோ நாள் பயந்தேன்னு அதையே பாத்துட்டு இருந்தேன்.

பூஸ்டருக்குள்ள கொஞ்சம்தான் ஆயில் இறங்கியிருந்துச்சு. துணியால ஒத்தி எடுத்து, வேக்யூம் நிக்குதான்னு பாத்தாரு, இன்ஜின் நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சும் ரெண்டு மூணு மிதிக்கு உதவி இருந்துச்சு, அதனால பூஸ்டர் மாத்த வேணாம்னு சொல்லிட்டாரு. புது சிலிண்டர வைஸ்ல கட்டி, ரெண்டு டியூப டப்பாக்கே திருப்பி விட்டு, மெதுவா குத்திக் குத்தி குமிழி நிக்குற வரைக்கும் வெளியவே ஏர் எடுத்துட்டுதான் வண்டில மாட்டினாரு. டாட் 4 புது டின் என் கண்ணு முன்னாடி திறந்தாரு.

பெடல் இப்போ மேலயே நிக்குது, லேசா வச்சாலும் அசையல. ஆனா ஒரு சந்தேகம். பாகாயம் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன், திரும்பி வரும்போது வண்டி இழுக்குற மாதிரி இருந்துச்சு, நின்னு முன் வீல் கிட்ட கை வச்சா அனல் அடிக்குது. பெடலும் முன்ன விட மேல, ரொம்ப கெட்டியா இருக்கு.

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

ஓட்டாத. நிறுத்து. இது சின்ன விஷயம்தான் ஆனா அப்படியே ஓட்டினா பிரேக் தானா பூட்டிக்கும்.

பூஸ்டர்லருந்து வர்ற குச்சி புது சிலிண்டர் பிஸ்டன எப்பவும் கொஞ்சம் தள்ளிக்கினே கீது. அதனால ஆயில் டப்பாவுக்கு திரும்பிப் போற சின்ன துளை மூடியே இருக்கு. சூடானா ஆயில் விரியும், போக எடம் இல்லாம வீல்ல பிரஷர் ஏறும். சூடா இருக்கும்போதே, வீல் இறுகிக்கினு இருக்கும்போதே, மாஸ்டர் சிலிண்டர பூஸ்டரோட பிடிச்சிருக்குற ரெண்டு நட்ட ரெண்டு மூணு சுத்து தளத்திப் பாரு. வீல் உடனே சுத்துச்சின்னா குச்சி நீளம். சுத்தலன்னா நட்ட டைட் பண்ணிட்டு அந்த வீல் நிப்பிள திற, அப்போ விட்டுச்சுன்னா ஓஸ் உள்ள அடைச்சிருக்கு, அதுக்கும் விடலன்னா காலிப்பரே சிக்கிக்கினு கீது. பிரேக் லைட் சுவிட்ச்ச தள்ளி மாட்டி பெடல் முழுசா மேல வராம இருந்தாலும் இதே மாதிரி ஆவும், அதையும் பாரு. டப்பா மூடில இருக்குற காத்துத் துளை அடைச்சிருக்கான்னும் பாத்துடு.

காட்பாடி ஜங்ஷன்:

நட்ட தளத்தின உடனே வீல் கையால சுத்துச்சு அண்ணா. மேஸ்திரி பழைய சிலிண்டரையும் புதுசையும் பக்கத்துல வச்சு ஆழத்த அளந்து பாத்தாரு, வேற கம்பெனி பார்ட், குழி ஆழம் கொஞ்சம் குறைவு. குச்சியோட முனை நட்ட உள்ள திருகி மயிரிழை இடைவெளி விட்டு மாட்டினாரு. திரும்ப பள்ளிகொண்டா டோல் வரைக்கும் ஹைவேல போய்ட்டு வந்தேன், வீல் நாலும் ஒரே மாதிரி சூடு, கை வைக்க முடியுற சூடுதான். கிரீன் சர்க்கிள்ல கால லேசா வச்சுட்டே நின்னேன், பெடல் அசையல. நாளைக்கு அம்மாவுக்கு செக்கப், நம்ம வண்டிலதான்.

ஆம்பூர் டிரைவர்:

நானும் ஆயில் மொத்தமா மாத்திட்டேன். வெளிய வந்தது சாக்கடை தண்ணி நிறம். பாலாறு அண்ணாவுக்கு நன்றி, இனிமே ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் சவாரின்னா கியர்லதான் இறங்குவேன்.

வாலாஜா அக்கா:

நான் எந்த ஆயில் ஊத்தணும், டாட் 3ஆ 4ஆ? கடைல டாட் 5 கூட இருக்கு, அதுதான் பெஸ்ட்டுன்னு சொல்றாங்க.

பட்டறை அண்ணன் – ஆற்காடு:

டப்பா மூடி மேலயே எழுதியிருக்கும் அக்கா, அதப் போடுங்க. டாட் 3 போட்ட எடத்துல டாட் 4 போடலாம், ரெண்டும் கலக்கும். டாட் 5 சிலிக்கோன் ஆயில், அது இதோட சேராது, கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீங்க. 5.1னு ஒண்ணு கீது, பேர் பக்கத்துல இருந்தாலும் அது வேற, அது 4 குடும்பம். திறந்து வச்ச பாட்டில் வீட்ல மிச்சம் கெடந்தா ஊத்தாதீங்க, சீல் உடைக்காத சின்ன பாட்டிலா வாங்குங்க.

காட்பாடி தம்பி, ஒரு வாரம் கழிச்சு பைப் நட்டு எல்லாத்துலயும், பூஸ்டர் இணைப்புலயும் டிஷ்யூ பேப்பர் ஒத்திப் பாத்து எனக்கு சொல்லு.